வேணி பேசும் மோட்டார்

சின்ன வெங்காயத்துக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் ஆகாது என்பது பெரம்பலூர்ப் பக்கத்தில் பொறியியல் படிக்காத எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் சாமிதுரை மகனுக்குப் போன் செய்தார்.

மகன் தமிழழகன் அப்போது வகுப்பில் இருந்தான். பெரம்பலூரைத் தாண்டியுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் அவன் உதவிப் பேராசிரியர். கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு, அதைச் சுற்றி பிரச்சினை, தேவை, யோசனை, மாதிரி, சோதனை, திருத்தம் என்று எழுதி அம்புகளால் இணைத்திருந்தான். எந்தப் பொருளை வடிவமைத்தாலும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். திருத்தத்திலிருந்து கிளம்பும் அம்பு மறுபடியும் பிரச்சினைக்கே போய்ச் சேரும். மாணவர்கள் அந்த ஓர் அம்பை மட்டும் உடனே நம்பினார்கள்.

"உன் மோட்டாரு ராத்திரி பூரா ஓடியிருக்குடா," என்றார் சாமிதுரை. "பாத்தி எது, வரப்பு எதுன்னு தெரியல. கொக்கு வந்து நிக்குது."

"கரண்ட் ஏத்த எறக்கமா இருக்கும்பா."

"போன் போட்டாதானே ஓடும் அது? யாரு போட்டா?"

தமிழழகன்தான் போட்டான். மோட்டாரை ஓட்டுவதற்காகப் போட்டிருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பான்.

வயல் ஊருக்கு வெளியே இருந்தது. சாமிதுரைக்கு முழங்கால் வலி. அதனால் போன் செய்தால் மோட்டார் ஓடும்படி தமிழழகன் ஒரு பெட்டி செய்து கிணற்றடியில் மாட்டியிருந்தான். உள்ளே ஒரு சிம். ஒரு தடவை அழைத்தால் மோட்டார் ஓடும், அடுத்த தடவை அழைத்தால் நிற்கும். அப்பாவுக்குப் பொத்தான் எல்லாம் ஒத்து வராது என்பதால் இந்த எளிமை. மோட்டாருக்கு வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் இல்லாத நேரத்தில் அழைத்தாலும் பெட்டி உத்தரவை நினைவில் வைத்துக்கொண்டு, கரண்ட் வந்ததும் தானே ஓட்டிவிடும். இவ்வளவையும் அழைப்பவருக்கு அது வாயால் சொல்லும். போனை வைக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும்.

கடையில் விற்கும் பெட்டிகளில் ஏதோ ஒரு பெண், விமானம் தாமதம் என்று அறிவிக்கும் குரலில் பேசுவாள். தமிழழகன் தன் பெட்டிக்கு வேணியைப் பேச வைத்தான். வேணி அவன் மனைவி. வைகாசியில் கல்யாணம், ஆனியில் ஒலிப்பதிவு. 'மோட்டார் இயங்குகிறது', 'மோட்டார் நிறுத்தப்பட்டது', 'மின்சாரம் இல்லை' என்று அவன் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்து, வூட்டுல யாருங்க இப்படிப் பேசுவாங்க என்று கேட்டாள் அவள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பேசினாள்.

"ஓடுதுங்க."

"நிறுத்திட்டேங்க."

"கரண்ட் இல்லீங்க. வந்ததும் நானே போட்டு விடுறேன். நீங்க போயி சாப்புடுங்க."

மூன்றாவதைச் சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சிரிப்பு பதிவாகிவிட்டது. அதை வெட்டி எடுப்பது சுலபம். அவன் எடுக்கவில்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்று திருமானூரிலிருந்து மாமனார் வீட்டார் வந்து, சீர்த்தட்டு வைத்து, வேணியை அழைத்துக்கொண்டு போனார்கள். ஆவணி பிறக்கும்வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. போன் பேசலாமா கூடாதா என்பது பற்றி முறை ஒன்றும் சொல்லவில்லை. முறையை ஏற்படுத்தியவர்களுக்குப் போன் வரும் என்று தெரியாது.

ஆகவே அவன் தினமும் சாயங்காலம் பேசினான். சாப்பிட்டாயா என்று கேட்பான். என்ன குழம்பு என்று கேட்பான். அங்கே மழையா என்று கேட்பான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தோன்றாது. வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிற வாய்தான். அங்கே யாரும் கேட்காததால் சரளமாக வரும். இங்கே ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறாள் என்று நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் வேணி.

"தினம் இதே மூணுதான் கேக்குறீங்க," என்றாள். "இதுக்கு மோட்டாரே பரவால்ல, ஏதோ ஒரு சேதியாவது சொல்லுது. பேசறதுக்கு ஒண்ணு இருந்தா கூப்புடுங்க. இல்லன்னா ஆவணியில வாங்க, பாத்துக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது. 'பாத்துக்கலாம்' என்பதற்கு வருவேன் என்று பொருளா, வந்தாலும் வருவேன் என்று பொருளா? பெரியம்மா பொன்னுத்தாயின் மருமகளும் இப்படி ஆடிக்குப் போனவள்தான். அது எந்த வருஷத்து ஆடி என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு உண்டு.

தமிழழகன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். பிரச்சினை: சொல்ல ஒன்றும் இல்லை. தேவை: சொல்ல ஒன்று. யோசனைகள்: வானிலை, கல்லூரி, வெங்காய விலை. ஒவ்வொன்றையும் குளியலறையில் சத்தமாகச் சொல்லிச் சோதித்துப் பார்த்தான். வெங்காய விலை மட்டும் சுமாராக வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைத் திருமானூரிலிருந்து வரவழைக்க முடியும் என்று அவனுக்கே நம்பிக்கை பிறக்கவில்லை.

சொல்ல ஒன்று கிடைக்கும்வரை அவளைக் கூப்பிட முடியாது. அதனால் ஒரு சாயங்காலம் மோட்டாரைக் கூப்பிட்டான்.

அவள் பேசிய பதிவு அவன் மடிக்கணினியிலேயே இருந்தது. போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டும் பார்த்தான். அது வேறு. போனில் என்றால் முதலில் மணி அடிக்கும். எடுப்பாளா மாட்டாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்புறம் எடுப்பாள். "கரண்ட் இல்லீங்க. வந்ததும் நானே போட்டு விடுறேன். நீங்க போயி சாப்புடுங்க." பாதிச் சிரிப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் முதலிலிருந்து. அவனுக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்கிற ஓர் உரையாடல் அது. அதில் அவன் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. மொட்டை மாடியில் காதில் போனை வைத்தபடி, அடுத்த வீட்டு விளக்கு எரியும்வரை நிற்பான். பிறகு அவள் சொன்னபடி கீழே போய்ச் சாப்பிடுவான்.

சாயங்காலம் த்ரீ ஃபேஸ் கிடையாது. ராத்திரி வரும். வந்ததும், வேணி சொன்ன சொல்லைப் பெட்டி காப்பாற்றியது.

கொக்கு வந்து நின்றதன் காரணம் வகுப்பிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. தீர்வும் உடனே கிடைத்தது. ஒரு அழைப்பு ஓட்டும் என்றால் அடுத்த அழைப்பு நிறுத்தும். இனி இரட்டைப்படையில் கூப்பிட்டால் போதும். ஒரு தடவை கேட்கிற இடத்தில் இரண்டு தடவை கேட்பதில் அவனுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

இரண்டு நாள் வயல் காய்ந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர். சாமிதுரை ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி வந்து மகனின் மூக்குக்கு நேரே நீட்டினார். அடியில் அழுகல் கண்டிருந்தது.

"மோந்து பாரு," என்றார். "எம்.இ. படிச்ச வாசம்."

தமிழழகன் எண்ணி எண்ணித்தான் கேட்டிருந்தான். காதலில் கணக்குத் தப்பும் என்பார்கள், ஆனால் இரண்டு வரை எண்ணுவதில் தப்ப வழி இல்லை. அப்படியானால் வேறு யாரோ இடையில் புகுந்து கூப்பிடுகிறார்கள். இவன் போட்ட முடிச்சை அவர்கள் ஒற்றையாக அவிழ்த்துவிடுகிறார்கள். யார் என்று பார்க்கவும் வழி இல்லை. அழைத்தவரின் எண்ணைக் காட்ட ஒரு சின்னத் திரை வேண்டும். அது அநாவசியம் என்று முடிவெடுத்த வடிவமைப்பாளரும் அவன்தான்.

சந்தேகம் பொன்னுத்தாய் மேல் போனது. கிணறு பங்குக் கிணறு. பாதி சாமிதுரைக்கு, பாதி அவர் அண்ணியான பொன்னுத்தாய்க்கு. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் அவள் முறை. மோட்டாரின் எண் தெரிந்த வெளி ஆள் அவள் ஒருத்திதான்.

தமிழழகன் போனபோது பெரியம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். தெரியாத்தனமாக எங்கள் முறை நாளில் கூப்பிட்டிருப்பீர்களோ என்று எவ்வளவு பதமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பதமாகக் கேட்டான்.

"நானா?" என்றாள் பொன்னுத்தாய். "என் முறைக்கே ஒரு நாளாவது லைன் கெடைச்சிருக்காடா எனக்கு? பொழுது சாஞ்சா பிஸி. அடுப்பு வேலைய முடிச்சிட்டு வந்து போட்டாலும் பிஸி. உங்க மோட்டாரு அப்புடி யாருகிட்டடா பேசிக்கிட்டுக் கெடக்கு?"

தமிழழகன் ஆட்டைப் பார்த்தான். ஆடு அவனைப் பார்த்தது. இருவரில் ஆட்டின் முகத்தில்தான் குற்றவுணர்ச்சி குறைவாக இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. திருட்டுப் பட்டம் கட்ட வந்தவனைச் சும்மா அனுப்புவது பொன்னுத்தாயின் வழக்கம் அல்ல. தழையைக் கீழே போட்டுவிட்டு நேராகச் சாமிதுரையிடம் வந்தாள்.

"கெணத்துல பாதி என்னுது," என்றாள். "மோட்டார்ல பாதி என்னுது. கொரல் மட்டும் முழுசும் உம்மருமவளுதா?"

சாமிதுரை யோசித்துப் பார்த்தார். பங்குக் கிணற்றில் குரலுக்குப் பங்கு உண்டா என்று அந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டபிறகு இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அண்ணி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தடவியபடி உள்ளே போய்விட்டார்.

வேணியின் குரலை எடுத்துவிட வேண்டியிருக்குமோ என்று தமிழழகனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விஷயத்தை வகுப்பிடமே கொண்டுபோனான். நேரடிக் களப் பிரச்சினை என்று கரும்பலகையில் எழுதினான். தன் பங்கை மட்டும் சொல்லவில்லை.

வகுப்பில் ஏலாக்குறிச்சிப் பையன் ஒருவன் உண்டு. லியோ பிரபு என்று பெயர். வருகைப் பதிவு எடுத்து முடித்தபிறகும் வகுப்பில் இருக்கிற சிலரில் அவனும் ஒருவன்.

"சாயங்காலம் லைன் ஏன் சார் பிஸியா இருக்கு?" என்று கேட்டான் அவன்.

"அது இன்னும் கண்டறியப்படாத காரணி."

"கண்டறிய என்ன சார் இருக்கு. எவனோ ஒருத்தன் தினம் கூப்புட்டு, ஒரு பொண்ணு கொரல வைக்காம கேட்டுக்கிட்டிருக்கான். மெண்டல் சார். இந்த மாதிரி ஆளையும் மனசுல வச்சுத்தான் சார் டிசைன் பண்ணணும்."

வகுப்பு ஆமோதித்தது. தமிழழகன் கரும்பலகையில் 'தேவை' என்பதன் கீழ், 'மெண்டல்களையும் தாங்க வேண்டும்' என்று தன் கையாலேயே எழுதினான்.

ஆடிப்பெருக்கு விடுமுறையில் புதுப் பெட்டி தயாரானது. கூப்பிட்டால் மட்டும் இனி மோட்டார் ஓடாது. ஒன்றை அழுத்தினால் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். உள்ளே இரண்டு சிம். பழைய எண்ணில் அதே பழைய பேச்சோடு வேணி, புது எண்ணில் பொன்னுத்தாய். முக்கியமான திருத்தம் லியோ பிரபு சொன்னது: வேணியின் எண்ணில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே எண்ணைக் கூப்பிட்டால், அழைப்பு தானாகத் தாவி பொன்னுத்தாயின் சிம்முக்குப் போய்விடும். பிஸி என்ற பேச்சே இனி இல்லை.

பொன்னுத்தாயின் குரலைப் பதிவு செய்யப் போனபோது அவளும் எழுதிக் கொடுத்ததைப் படிக்க மறுத்தாள். போனை வாங்கி வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"பொன்னுத்தாயி பேசுறேன். ஒண்ண அமுக்குனா ஓடும். இல்லன்னா வை போனை."

இதுவரை பார்த்த அறிவிப்புகளிலேயே தெளிவானது இதுதான் என்று வகுப்பு கருத்துத் தெரிவித்தது.

பெட்டி பொய்யாமல் வேலை செய்தது. வயல் காய்ந்தது. பாதிக்கு மேல் வெங்காயம் பிழைத்துக்கொண்டது. பெரியம்மா தினமும் தன் எண்ணுக்குக் கூப்பிட்டுத் தன் குரலைத் தானே கேட்டுத் திருப்திப்பட்டாள். சாமிதுரை டீக்கடையில் மகன் படிப்பைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்தார். கல்லூரியில் துறைத் தலைவர் இதைப் பெரிய பதாகையாக அடித்து, 'சமூகத்தின் மீது தொழில்நுட்பத்தின் தாக்கம்' என்று தலைப்பு வைத்து வாசலில் கட்டினார். அது பாடத்திட்டத்தில் ஐந்தாவது பகுதி. நான்காவதோடு செமஸ்டர் முடிந்துவிடுவதால் அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

தமிழழகனுக்கோ சொர்க்கம் திறந்தது. இனி எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இரட்டைப்படை வேண்டாம். பெரியம்மாவுக்கு லைன் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். சாயங்காலம் கல்லூரிப் பேருந்தை விட்டு இறங்கும்போதே கூப்பிடுவான். மொட்டை மாடிக்குப் போனதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். "நீங்க போயி சாப்புடுங்க" என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் எழுந்து போக மனம் வராது. மேற்கே பச்சைமலை முதலில் நீலமாகும், பிறகு கறுப்பாகும், பிறகு இருக்காது. அவள் குரல் மட்டும் இருக்கும். திருமானூரில் இந்நேரம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைப்பான். அதைக் கேட்கத்தான் போன் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வரும். என்ன குழம்பு என்ற கேள்வியும் கூடவே வரும். பயந்து மோட்டாரையே கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆனால் இந்தத் தடவை ஒரு மாற்றம். அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது. பெட்டி இருந்தது, அழுகல் இருந்தது, பெரியம்மாவின் பங்குக் குரல் இருந்தது, பதாகை இருந்தது. இதைப் போனில் சொல்லி வீணாக்கக் கூடாது என்று முடிவு செய்தான். ஆவணி பிறக்கட்டும், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வாய் தவறிச் சொல்லிவிடுவான். அவளும் கூப்பிடவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஆவணி முதல் தேதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். அரியலூர்வரை பஸ்ஸுக்கு முன்னால் சிமெண்ட் லாரி ஒன்று போனது. சட்டை சாம்பல் நிறமானது. அரியலூரில் பஸ் மாறினான். திருமானூர் நெருங்க நெருங்கக் கரும்பும் நெல்லும் கொள்ளிடக் காற்றும் வந்தன. வழி முழுக்க உதடு அசைத்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவன் ஏதோ வேண்டுதலுக்குப் போகிறான் என்று நினைத்து, காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டார்.

மாமனார் வீட்டில் மாமியார் கொளஞ்சியம்மாள் வாங்க மாப்ள என்றாள், காபி கொடுத்தாள், அடுப்பைப் பார்க்கப் போனாள். வேணியின் தங்கை இலக்கியா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேணி உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். கூடத்தில் எங்கேயும் துணிப்பெட்டி கட்டி வைக்கப்படவில்லை என்பதைத் தமிழழகன் கவனித்தான்.

"வேணி," என்றான். "பேசறதுக்கு ஒண்ணு இருக்கு."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. ஆரம்பித்தான். சிம்மைச் சொன்னான். ஒன்றை அழுத்தினால் என்ன, இரண்டை அழுத்தினால் என்ன என்பதைச் சொன்னான். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. மின்னழுத்தம் குறைவதுபோல இருந்தது அவனுக்கு. அந்த உவமையையும் வீணாக்காமல் மனதில் குறித்துக்கொண்டான். வேகத்தைக் கூட்டி, சிறந்த பகுதிக்குத் தாவினான்.

"முன்னாடி மாதிரி இல்ல இப்ப. ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கறப்பவே இன்னொருத்தர் கூப்புட்டாலும் லைன் கெடைச்சிரும். பெரியம்மா கொரலுக்குத் தாவிரும். பிஸின்னே வராது."

வேணி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்பலேருந்துங்க பிஸி வராது?"

ஒரு மாதத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. தொழில்நுட்பக் கேள்வி வேறு. அவன் நெகிழ்ந்துபோனான்.

"ஆடிப்பெருக்குலேருந்து."

"அப்ப பெரியம்மா எடுத்தா, அந்நேரம் வேற யாரோ லைன்ல இருக்காங்கன்னு அர்த்தம்."

"ஆமா. ரொம்பச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட."

"சாயங்காலத்துல யாரு இருப்பா?"

மாணவர்களிடம் மறைத்ததை, அப்பாவிடம் மறைத்ததை, ஆட்டிடம் மறைத்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை. அவன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, நான்தான் என்றான்.

வேணி அவனை வெகுநேரம் பார்த்தாள். சடாரென்று திரும்பி உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாலேயே ஏதோ பெரிதாகத் தடாலென்று விழுகிற சத்தம் கேட்டது.

தமிழழகனுக்குக் கண் கலங்கியது. சொல்ல ஒன்று வைத்திருந்தான். அதையும் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. வட்டத்தில் எந்த அம்பைப் பிடித்து எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆறரை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று எழுந்தான்.

இலக்கியா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க மாமா போறீங்க, உக்காருங்க, பரண் மேலேருந்து பெட்டிய எறக்கத்தான் போயிருக்கு, பொழுது சாஞ்சா அக்காவும் தினம் அந்த மோட்டாருக்குத்தான் போன் போடும், பிஸின்னு வந்தா 'கேட்டுக்கிட்டிருக்காரு'ன்னு சிரிச்சுக்கிட்டே போயி சோத்துல உக்காரும், ஆடிப்பெருக்குலேருந்து உங்க பெரியம்மா எடுத்து 'வை போனை'ன்னு திட்டித்தான் அது பட்டினி."